மாதாவுக்குப் பின்னால் ஒரு பரோலோ

1

எங்கள் வீட்டு மடு மாதா படத்துக்குப் பின்னால் பதினாறு வருடங்களாக ஒரு வைன் போத்தல் நின்றது. ஒவ்வொரு மே மாதமும் ஒக்டோபர் மாதமும் செபமாலை சொல்ல வந்த தமிழ்ச் சனம் முழுவதும், இரண்டு குருவானவர்கள் உட்பட, அந்தப் போத்தலுக்கு முன்னால் முழங்காலில் நின்றிருக்கிறார்கள். அது அங்கே இருப்பது எனக்கும் என் மனைவி ஜெசிந்தாவுக்கும் மாதாவுக்கும் மட்டுமே தெரியும்.

போன மாதம் எங்கள் மகள் ஷெரினின் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு அதைத் திறந்தோம். ஊரில் இருப்பவர்களுக்கு நான் இங்கிருந்து எழுதுவது வழக்கமாகக் குளிரையும் வேலையையும் பற்றித்தான். இந்த முறை குடியைப் பற்றி எழுதுகிறானே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரே ஒரு போத்தல், ஐந்து பேர் குடித்தோம், அதிலும் ஜெசிந்தா உதட்டில் தொட்டதோடு சரி.

நான் மன்னாரில் ஐஸ் ஆலையில் தொழில் பழகியவன். இப்போது சிட்னியின் மேற்கே குவேக்கர்ஸ் ஹில்லில் இருந்துகொண்டு கடைகளின் குளிர் அறைகளைத் திருத்துகிறேன். இறைச்சிக்கடை, பூக்கடை, பிளாக்டவுனில் நம் ஆட்களின் மீன்கடை, வைன் விற்கும் கடைகள் என்று எங்கே குளிர் கூடினாலும் குறைந்தாலும் எனக்கு அழைப்பு வரும். வைன் அறை பதினாலு பாகையைத் தாண்டிவிட்டது என்று கடைக்காரர்கள் பதறுவதைப் பார்த்து எத்தனையோ தடவை மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அப்படி ஊரார் வைனுக்கெல்லாம் குளிர் பார்த்தவன் தன் வீட்டுப் போத்தலை என்ன செய்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

2

பக்கத்து வீட்டு லூக்கா இத்தாலிக்காரன். வடக்கே, பியமொந்தே என்ற மலைப்பக்கத்திலிருந்து வந்தவன். தரைக்கு ஓடு பதிப்பது தொழில். என் வயதுதான். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த வருடம்தான் அவனும் மனைவி பாவ்லாவும் பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் ஆங்கிலத்தில் அவன் பாதி வசனத்தை விழுங்குவான், நான் மற்றப் பாதியை விழுங்குவேன், எப்படியோ இருவருக்கும் விளங்கிவிடும். அவன் சொன்னதையெல்லாம் நான் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். அதற்காக அவனுக்குத் தமிழ் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். தெரிந்தவை மூன்றுதான்: சாப்பாடு, உறைப்பு, விடைபெறும்போது சொல்லும் போட்டு வாறன்.

ஷெரினின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு எல்லோரும் பொம்மை கொண்டுவந்தார்கள். லூக்கா கடதாசியில் சுற்றிய போத்தலோடு வந்தான்.

"இது பரோலோ. என்ர அண்ணன் பெப்பே செய்தது. உன்ர மகள் பிறந்த வருசத்துப் பழம். அவளுக்கு இருபத்தொரு வயசு வரேக்க திற. எனக்கும் ஒரு வாய் தா."

பரோலோ என்பது ஒரு ஊரின் பெயர். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளையும் நெபியோலோ என்ற ஒரே இனத் திராட்சையில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போட விடுவார்களாம். பிழிந்தாலும் உடனே விற்க முடியாது, வருடக்கணக்கில் பீப்பாயில் கிடக்க வேண்டும். அதற்குப் பிறகும் போத்தலில் வைத்துக் காத்திருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும் என்றான் லூக்கா. இருட்டில் வை, குளிரில் வை, ஆட்டாதே, முக்கியமாகப் படுக்கவை, தக்கை எப்போதும் நனைந்திருக்க வேண்டும் என்று விரல் மடித்துச் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன்.

விருந்தாளிகள் போனபின் போத்தலைக் கராஜில் வைக்கப் போனேன். ஜெசிந்தா மறித்துவிட்டாள்.

"கராஜில வைச்சா உங்கட கூட்டாளிமார் இந்த நத்தாருக்கே முடிச்சுப்போடுவினம். இஞ்ச தாங்கோ. மாதாவுக்குப் பக்கத்தில வைக்கிறன். ஆர் கைவைக்கிறான் எண்டு பாப்பம்."

"லூக்கா படுக்கவைக்கச் சொன்னவனப்பா," என்றேன்.

"மாதாட காலடியில போத்தலைப் படுக்கவைக்கிறதோ? பாக்கிறவை என்ன நினைப்பினம்? குடிச்சு முடிச்சு உருட்டிவிட்ட வெறும் போத்தல் எண்டுதானே நினைப்பினம்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் படுத்துக் கிடக்கும் போத்தலுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. அடுத்த மாதம் செபமாலைக்குக் குருவானவர் வருகிறார் என்றதும், திரைச்சீலை தைத்து மிஞ்சிய நீல வெல்வெட்டில் போத்தலைக் கழுத்துவரை சுற்றி, படத்துக்குப் பின்னால் நிற்கவைத்தாள். நானும் பேசாமல் விட்டுவிட்டேன். போத்தல் நின்றால் என்ன, படுத்தால் என்ன என்பதுதான் அப்போது என் அறிவு.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் லூக்கா கேட்பான். "போத்தல் சரியோ?" நானும் சொல்வேன். "சரி."

3

ஊரில் எனக்குத் தெரிந்த குடி பனங்கள்ளு ஒன்றுதான். காலையில் இறக்கினால் இனிப்பு, மத்தியானம் புளிப்பு, பின்னேரம் அதைக் குடிக்கிறவனுக்கு வேறு வழியில்லை என்று அர்த்தம். நாளைக்கு என்று யாரும் கள்ளை எடுத்து வைத்ததை நான் கண்டதில்லை. மீனும் அப்படித்தான். ஐஸ் ஆலையில் கட்டியை உடைத்துப் பெட்டியில் நிரப்பிக் கொடுத்தால் கொழும்புக்குப் போகும்வரை தாக்குப்பிடிக்கும். எங்களுக்குக் குளிர் என்பது கெடாமல் நிறுத்திப் பிடிப்பதற்கு. லூக்கா சொன்ன குளிர் வேறு. மெல்ல மெல்ல மாற விடுவதற்கு.

ஒருமுறை விளங்கவைக்கிறேன் என்று கடையில் வாங்கிய இளம் பரோலோ ஒன்றைத் தந்தான். வாழைக்காய்த் தோலைக் கடித்தது போல நாக்கு இழுத்துக்கொண்டது. இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டேன். அந்தத் துவர்ப்புத்தான் வருடம் போகப் போக மண்டியாகி அடியில் படியும், நிறம் மாறும், மணம் வரும், அவசரப்படுகிறவனுக்கு நாக்கில் அடிதான் கிடைக்கும் என்று சிரித்தான்.

அவனும் ஒன்றும் பெரிய பொறுமைசாலி இல்லை. ஷெரினுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு டிசம்பரில், நத்தார் மத்தியானம், எங்கள் பின்வளவில் இருந்த போத்தல்களெல்லாம் தீர்ந்த பிறகு, அவனே ஆரம்பித்தான். "பெப்பேட போத்தல் இருக்குதெல்லோ? பாதி வழி வந்திட்டம். திறந்து பாப்பமே?" என் கால் எழும்பிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குசினி வாசலில் நின்ற ஜெசிந்தா ஆங்கிலத்தில் "நோ" என்றாள். ஒரே ஒரு நோ. அன்றைக்கு இரண்டு ஆண்களும் எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்தோம்.

4

ஷெரின் இந்த வருடம் தாதியர் படிப்பை முடித்தாள். மெல்பேர்னில் ஒரு வைத்தியசாலையில் வேலை கிடைத்து, டார்னெய்ட்டில் இரண்டு தோழிகளோடு வீடும் பார்த்துவிட்டாள். பிளாக்டவுனிலும்தான் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று ஜெசிந்தா ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தாள். "அம்மா, இட்ஸ் ஒன்லி அன் அவர் அண்ட் எ ஹாஃப் பை பிளேன்" என்று பதில் வந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். இந்த வீட்டில் அது ஒரு ஒழுங்காகவே ஆகிவிட்டது. முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது அவள் பதில் சொல்கிறாளே என்று சந்தோசப்படுகிறேன்.

வேலைக்கு முன் பொலிஸ் சான்றிதழ் வேண்டுமாம். அவள் கணினியில் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்க, நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். கடந்த பத்து வருடங்களில் வசித்த முகவரிகள் என்று ஒரு பகுதி. ஒரு வரி எழுதினாள். இன்னொரு முகவரி சேர்க்க வேண்டுமா என்று படிவம் கேட்டது. இல்லை என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டையில் ஊர் ஊராக ஓடிய நான் இந்த நாட்டுக்கு விண்ணப்பித்தபோது அதே கேள்விக்கு ஆறு வரிகள்தான் தந்திருந்தார்கள். நான் இரண்டு தாள் மேலதிகமாக இணைத்தேன். கொஞ்ச நாளில் ஒரு கடிதம் வந்தது. நான்காவது முகவரிக்கு வீட்டு இலக்கம் இல்லை, தயவுசெய்து தரவும். நான்காவது முகவரி ஒரு பள்ளிக்கூடம். ஏழாவது, மடு மாதா கோயில் வளவில் ஒரு தறப்பாள் கொட்டில். அதற்கும் இலக்கம் கேட்டிருந்தார்கள். கொட்டிலின் இலக்கத்துக்கு நான் எங்கே போக? கோயிலின் கிழக்குப் பக்கம், கிணற்றிலிருந்து மூன்றாவது என்று எழுதி அனுப்பினேன். அதை ஏற்றுக்கொண்டார்கள் என்று அவளுக்குச் சொன்னேன்.

"வெயிட், யு லிவ்ட் இன் எ ஸ்கூல்?" என்றாள் ஷெரின்.

"ஓம். மூண்டாம் வகுப்பு அறையில. ஆறு குடும்பம்."

அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதிரையை என் பக்கம் திருப்பினாள். இதையெல்லாம் நான் அவளுக்கு முன்பு சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, அதற்கு ஒரு நேரம் வாய்க்கவில்லை.

5

பெப்பே இறந்தது கொரோனாவால் எல்லைகளெல்லாம் மூடிக் கிடந்த காலத்தில். லூக்காவால் போக முடியவில்லை. தன் கராஜில் ஓட்டுப் பெட்டிகளுக்கு மேல் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு அண்ணனின் அடக்கத்தைப் பார்த்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். கிட்டப் போகக்கூடாது என்பது அப்போதைய சட்டம்.

பிறந்தநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது அதே வேலியடியில் லூக்கா என்னைப் பிடித்தான்.

"போத்தல் சரியோ?"

"சரி."

வழக்கமாக அத்தோடு போய்விடுவான். அன்று போகவில்லை.

"அன்ரன், பெப்பேட வைன் என்னட்ட ஒண்டுமில்லை. செத்தவீட்டுக் கிழமையோட என்ர கடைசிப் போத்தலும் முடிஞ்சுது. அவன்ர பெடியள் தோட்டத்தை வித்துப்போட்டாங்கள். வாங்கினவனுக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டுப் பாத்தன். நிலவறையில ஒண்டும் மிஞ்சேல்லையாம். உன்ர வீட்டில நிக்கிறதுதான் கடைசி. அவன்ர கைருசியை இன்னும் ஒருக்காப் பாத்தனெண்டாப் போதும்."

கைருசி என்ற சொல்லை நான்தான் போட்டேன். அவன் தன் கையைத் தூக்கிக் காட்டி, அதை வாயில் தொட்டுக் காட்டினான். அதற்கு எங்களிடம் அந்தச் சொல்தானே இருக்கிறது.

வீட்டுக்குள் வந்து நேரே செப அறைக்குப் போனேன். படத்தை விலக்கி, வெல்வெட்டை அவிழ்த்து, பல வருடங்களுக்குப் பிறகு போத்தலைக் கையில் எடுத்தேன். உள்ளே வைன் குறைந்து, போத்தலின் கழுத்திலிருந்து இறங்கித் தோளுக்கு வந்திருந்தது. என் வேலைப் பையிலிருந்து வெப்பமானியை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். பத்தொன்பது பாகை. பதினாலு இல்லை. என் கடைக்காரன் ஒருவனாக இருந்திருந்தால் என்னைத் தொலைத்திருப்பான்.

மறுநாள் ஒரு வைன் கடைக் குளிரூட்டியைத் திருத்தப் போனபோது, நண்பன் ஒருவனுக்காக என்று சொல்லி விசாரித்தேன். பதினாறு வருடம் நிமிர்த்தி வைத்த பரோலோ எப்படி இருக்கும்? கடைக்காரர் நான் ஏதோ பகிடி விடுகிறேன் என்று நினைத்தார். தக்கை காய்ந்து காற்றுப் போயிருக்கும், வைன் வினாகிரியாகியிருக்கும், உங்கள் நண்பரைச் சலாட்டுக்கு ஊற்றச் சொல்லுங்கள் என்றார். நான் வீட்டுக்கு வந்து, செய்த பிழையைத் திருத்துவதாக எண்ணிக்கொண்டு, போத்தலை எங்கள் கட்டிலுக்குக் கீழே படுக்கவைத்தேன்.

மூன்று நாள் அந்தக் கட்டிலில் எனக்கு நித்திரை இல்லை. பொய் சொல்லி ஆளைச் சமாளிக்கலாம். ஆனால் திறக்கும் அன்று அவன் முகத்தை நான் பார்க்க வேண்டுமே.

6

சனிக்கிழமை காலை லூக்காவின் கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஓடு வெட்டும் மெசினை நிறுத்தினான்.

"பதினாறு தரம் கேட்டனான்," என்றான். "பதினாறு தரமும் சரி எண்டனி."

"ஓம்."

அவன் கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு, "காட்டு" என்று மட்டும் சொன்னான்.

இத்தனை வருடத்தில் லூக்கா எங்கள் குசினியிலும் பின்வளவிலும் இருந்திருக்கிறானே தவிர, செப அறைக்குள் வந்ததில்லை. சப்பாத்தைக் கழற்றினான், மாதாவைக் கண்டதும் சிலுவை போட்டான். நான் கட்டிலுக்குக் கீழே இருந்து போத்தலை எடுத்துவந்து கொடுத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

"இது தெற்குச் சுவரெல்லோ."

இந்த நாட்டில் வெயில் வடக்குப் பக்கம் அடிக்கும். தெற்கு அறை வீட்டிலேயே குளிர்ந்த அறை. யாருக்கும் படுக்கப் பிடிக்காத அறை என்பதால்தான் அது மாதாவுக்குக் கிடைத்தது. பிறகு லூக்கா மேலே பார்த்தான். அங்கே நான் பொருத்திய சின்னக் குளிரூட்டி.

"இது ஆருக்கு?"

வாசலில் நின்ற ஜெசிந்தா சொன்னாள். "நாப்பது பாகை வெயிலடிச்சா மெழுகுதிரியெல்லாம் வளைஞ்சு போகுது. மாதாவும் வேகிறா. அதுதான் இவரைக்கொண்டு பூட்டுவிச்சனான். வெயில் நாளில போட்டுவிடுவன்."

லூக்கா வெல்வெட்டை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு அவளிடம் கேட்டான். "ஏன் இஞ்ச வைச்சனீங்கள்?"

கூட்டாளிமாரின் கதையைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மாதாவின் படத்தைக் காட்டினாள். அதன் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு வெடிப்பு ஓடுகிறது.

"நாங்கள் ஒவ்வொரு இடமா ஓடேக்க எல்லாம் துலைஞ்சு போச்சுது. வீடு, நகை, கலியாணப் படம், எல்லாம். எங்களிட்டத் துலையாம மிஞ்சினது இது ஒண்டுதான். நீங்கள் இருபத்தொரு வயசுவரை வைச்சிருக்கச் சொன்னியள். எதையும் அவ்வளவு காலம் வைச்சிருந்து எனக்குப் பழக்கமில்லை. அதால இதோட சேத்து வைச்சனான்."

என்னிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. பதினாறு வருடமாக அவள் என் கூட்டாளிமாரைத்தான் காவல் காக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

லூக்கா அந்த வெடிப்புக்கு அருகே குனிந்து பார்த்தான். பிறகு, "அந்த நத்தாருக்கு நான் திறக்கக் கேட்டனான், என்ன?" என்றான்.

"ஓம். ரெண்டு பேரும் கேட்டனீங்கள்."

"என்ர வீட்டில இருந்த பெப்பேட போத்தலெல்லாத்தையும் நான்தான் குடிச்சு முடிச்சனான்," என்றான். போத்தலை மாதாவின் பின்னால் தானே நிமிர்த்தி வைத்தான். "திறக்க முந்தி ஒரு கிழமை நிமித்தித்தான் வைக்கவேணும், மண்டி அடியில போக. நீ உருட்டிக் குழப்பிப்போட்டாய், அன்ரன். இனித் தொடாதை. அவ பாத்துக்கொள்ளட்டும்."

வைன் பிழைத்ததா செத்ததா என்று கேட்டேன். திறந்தால்தான் தெரியும் என்றான்.

7

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு ஐந்து பேரும் உட்கார்ந்தோம். உறைப்பு வைனைக் கொன்றுவிடும் என்று லூக்கா சொல்லியிருந்ததால், ஜெசிந்தா ஆட்டிறைச்சியை வெறும் மிளகில் சமைத்துவிட்டு, ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தாள். பாவ்லா இறைச்சிச் சாறில் அவித்த சோறு கொண்டுவந்தாள். "பாவம், குழைஞ்சு போச்சு" என்று ஜெசிந்தா என் காதுக்குள் சொன்னாள். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை நம்பவில்லை.

லூக்கா தக்கைத் திருகியை மெல்ல இறக்கினான். பாதித் தக்கை மேலே வந்தது. மீதி புழுதியாக உடைந்து உள்ளே விழுந்தது. பாவ்லா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெசிந்தா எழும்பிப் போய்ப் பிரிக்காத வெள்ளைக் கைலேஞ்சி ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடிக் கூசாவின் வாயில் விரித்துப் பிடித்தாள். தேங்காய்ப்பால் வடிக்கிறவளுக்கு இது பெரிய வேலையா? லூக்கா ஊற்ற, அவள் பிடிக்க, தக்கையும் மண்டியும் துணியில் தங்கி, வைன் நூலாக இறங்கியது.

சிவப்பு இல்லை. செங்கல் நிறம், ஓரத்தில் இன்னும் வெளிறிய தோடம்பழ நிறம்.

"இட்ஸ் பிரவுன்," என்றாள் ஷெரின்.

மணந்து பார்த்தேன். கனகாலம் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்த மணம். சலாட் என்று சொன்ன கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. லூக்காவும் மணந்தான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"பொறுங்கோ. ஒரு மணித்தியாலம். இவ்வளவு காலமும் மூடிக் கிடந்தது, மூச்சு விடட்டும்."

அந்த ஒரு மணித்தியாலத்தில் நாங்கள் சாப்பிட்டோம். லூக்கா சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்தான். ஷெரின் டார்னெய்ட் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். அவனுடைய மௌனத்தை நிரப்பத்தான் பேசுகிறாள் என்று எனக்கு விளங்கியது. இந்தப் பிள்ளை நல்ல தாதியாக வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு லூக்கா எல்லோருக்கும் இரண்டு விரல் அளவு ஊற்றினான். கிளாஸைச் சுழற்றி மணந்தான். மறுபடியும் மணந்தான். ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் வைத்திருந்தான்.

என் கிளாஸில் அந்தப் பூட்டிய வீட்டு மணம் போயிருந்தது. பதிலாக வந்தது காய்ந்த ரோசாப்பூ, திருநாள் முடிந்து மூன்றாம் நாள் சுருவத்தின் காலடியில் கிடக்கும் பூ. அதற்குக் கீழே வேறொன்று. எனக்கு அது என்னவென்று பிடிபடக் கொஞ்ச நேரம் எடுத்தது. தார். மன்னாரில், பேசாலைக் கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குத் தார் பூசும் மணம். அந்தக் குன்றுகளில் கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. இது எப்படி இதற்குள் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வாய் குடித்தேன், நாக்கை அது இழுக்கவில்லை.

லூக்கா விழுங்கினான்.

"களைச்சுப்போச்சுது," என்றான். நான் கிளாஸை மேசையில் வைத்தேன்.

"கொஞ்சம் களைச்சுப்போச்சுது. ஆனா அவன்தான். பெப்பே எப்பவும் மற்றவையை விட ஒரு கிழமை பிந்தித்தான் பழம் பிடுங்குவான். ஊரெல்லாம் பேசும். எங்கட ஐயாவும் பேசுவார். நானும் பேசினனான். மழை வந்தா எல்லாம் போச்சுது எண்டு. அவன் கேக்கமாட்டான்." கிளாஸைக் காட்டினான். "பார், அந்த ஒரு கிழமை இதுக்குள்ள கிடக்குது."

பிறகு அழுதான். ஒளிக்காமல், கண்ணைத் துடைக்காமல், சிரித்துக்கொண்டே அழுதான். பாவ்லா அவன் முதுகில் கை வைத்தாள். ஜெசிந்தா அவன் தட்டில் இன்னும் இரண்டு துண்டு இறைச்சி வைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அது.

"கெதியாக் குடியுங்கோ," என்றான் லூக்கா. "வயசான வைன். இன்னும் அரை மணித்தியாலத்தில மணமெல்லாம் போயிடும்."

கடைசியில் கள்ளுக் கதைதான். இருபத்தொரு வருடம் காத்திருந்தது, இப்போது நாளைக்கு நிற்காது. எனக்குப் பழகிய குடியாகிவிட்டது என்று சந்தோசமாகக் குடித்தேன். ஷெரின் இரண்டாம் தரமும் கிளாஸை நீட்டினாள்.

8

"போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போன லூக்கா பத்து நிமிடத்தில் சொன்னபடி வந்துவிட்டான். கையில் இன்னொரு போத்தல். பெப்பேயின் தோட்டத்தை வாங்கியவனிடம் ரெலிபோனில் கேட்டபோது, பழையது இல்லை, நான் செய்த முதலாவது இருக்கிறது என்று அவன் ஒன்றை அனுப்பியிருந்தானாம்.

"அதே கொடி. வேற கை. எப்பிடி வரும் எண்டு தெரியாது," என்று அதை ஜெசிந்தாவின் கையில் கொடுத்தான். எனக்குத் தரவில்லை. "இருபது வருசம். என்ர வீட்டில நிண்டா நான் குடிச்சுப்போடுவன்."

"மாதாட்டத்தான் வைப்பன்."

"அங்கதான் வைக்கவேணும். ஆனா இந்த முறை படுக்க."

ஜெசிந்தா போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எல்லோரும் செப அறைக்குப் போனோம். நான் அளவு நாடாவைப் பிடித்தேன். படத்தைத் தாங்கும் பின்கால் குறுக்கே நின்றதால், படத்துக்கும் சுவருக்கும் இடையில் போத்தல் படுக்க இடம் போதவில்லை. மாதா நான்கு அங்குலம் முன்னுக்கு வந்தால் போதும். தட்டை அகலமாக்கித் தருகிறேன் என்றேன். ஜெசிந்தா சிலுவை போட்டுவிட்டு, வெடித்த கண்ணாடியில் கை படாமல் படத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னுக்கு நகர்த்தினாள். போத்தலை நீல வெல்வெட்டில் முழுதாகச் சுற்றிப் பின்னால் கிடத்தினாள்.

ஷெரின் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த கிழமை அவளுக்கு மெல்பேர்னுக்கு விமானம். அவளுடைய பெட்டிகள் இரண்டு நடையில் கிடந்தன.

"ட்வென்டி இயர்ஸ்?" என்றாள். பிறகு, எனக்காகவோ என்னவோ, தமிழில் கேட்டாள். "அப்பா, அப்பவும் நீங்கள் இஞ்சதான் இருப்பீங்களோ?"

"ஓம்," என்றேன். "இதே முகவரிதான்."